600 ரூபாய்க் குழாய்

என் அலுவலறை மேசைமீது வளைந்த இரும்புத் தண்டு ஒன்று கிடக்கிறது. சான்றிதழ் வாங்க வருவோர் அதைக் கையிலெடுத்து, "இது என்ன சாமி?" என்று வினவுவதுண்டு. "என் கெட்டிக்காரத்தனம்" என்பேன். சிரிப்பார்கள். அதன் கதையை இன்று முழுமையாகவே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், வண்டியைக் கண்டதும் கை துருதுருக்கும் பிள்ளைகளைப் பெற்றோருக்கும் அது பயன்படக்கூடும்.

நான் பணியாற்றும் பங்கு தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டின் ஓரத்தில் உள்ளது. செம்மணல் மேடுகளும் பனைமரங்களும் நிறைந்த பகுதி. கிளைக் கிராமங்களுக்குச் சென்றுவர எங்களிடம் பழைய டீசல் ஜீப் ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டுக் கோடையில் அது மேட்டில் ஏறும்போதெல்லாம் கரும்புகை கக்கத் தொடங்கிற்று. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சி எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "என்ஜின்ல குறையில்ல சாமி. வெந்த காத்தைக் குடிக்குது, அதான்" என்றார்.

அவர் சொன்னது உண்மையே. அந்த ஜீப் தனக்கு வேண்டிய காற்றைப் பானெட்டுக்கு உள்ளிருந்தே இழுத்துக்கொள்ளும். ரேடியேட்டரும் புகைபோக்கியும் காய்கின்ற இடம் அது. வெளியே 30 பாகை வெப்பமுள்ள காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.16 கிலோ எடையுடையது. அதே காற்று 60 பாகைக்குச் சூடேறினால் 1.06 கிலோவாக இளைத்துவிடும். அதாவது, ஒவ்வொரு மூச்சிலும் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. ஊற்றும் டீசலோ குறைவதில்லை. முழுமையாக எரியாத டீசலே கரும்புகையாக வெளிவருகிறது.

பாலிடெக்னிக்கில் பயிலும் தம்பி ஒருவன் எங்கள் பாடகர் குழுவில் இருந்தான். "கடையில் விற்கும் குளிர்காற்றுக் குழாய் பல ஆயிரம் ரூபாய் ஆகும், பாதர். நாமே செய்துவிடலாம்" என்றான். எனக்கும் ஆவல் மிகுந்தது. 3 அங்குல பி.வி.சி. குழாய் 4 அடி, எல்போ இரண்டு, பழைய லாரி டியூபில் வெட்டிய ரப்பர், கிளாம்பு நான்கு. எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள் அடங்கின. என்ஜின் நடுங்கும், வண்டியின் உடல் நடுங்காது. ஆதலால் இரண்டிற்கும் இடையே ரப்பரை வைத்து இணைத்தோம். பி.வி.சி. ஏறத்தாழ 80 பாகையில் இளகிவிடுமாதலின், புகைபோக்கியிலிருந்து ஒரு சாண் விலக்கிக் குழாயைக் கொண்டு சென்றோம்.

காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டால் இன்னும் நன்றாக இழுக்கும் என்று தம்பி கருதினான். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. இரண்டரை லிட்டர் என்ஜின் 2,400 சுற்றில் ஓடும்போது, கணக்குப்படி நிமிடத்திற்கு 3,000 லிட்டர் வரை காற்றை உள்ளிழுக்கும். தேரிக்காட்டில் அத்தனை காற்றோடு எவ்வளவு மணல் போகும்! வடிகட்டி இல்லாத என்ஜினை அந்த மணலே அரைத்துத் தின்றுவிடும். ஆகவே, குழாயை வடிகட்டிக்கு முன்பாகவே பொருத்தினோம்.

புகை கண்கூடாகக் குறைந்தது. மேட்டில் இழுவையும் சற்றே கூடியதாகத் தோன்றிற்று. டீசல் செலவில் பெரிய மாற்றம் ஏதுமில்லை என்று என் குறிப்பேடு கூறியது. எனினும் அதை நான் எவரிடமும் சொல்லவில்லை. புகை குறைந்ததை மட்டும் சக குருக்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

குளிர்ந்த காற்று தாராளமாகக் கிடைக்குமென்று குழாயின் வாயை முன் பம்பருக்கு அடியில் வைத்திருந்தோம். அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, "வாயைத் தாழ வைக்காதீங்க சாமி. தண்ணி குடிச்சிரும்" என்றார். "இந்தத் தேரியில் தண்ணீருக்கு எங்கே போவது அண்ணாச்சி?" என்று நான் சிரித்தேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன. எங்கள் பங்கில் வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய முறை நாள் கடந்துவிட்டது, கால்கள் வீங்கிவிட்டன. மழை விட்ட மறுநாள் காலையில், அவரையும் அவர் துணைவியாரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

சாலையில் முழங்காலுக்குக் கீழ்தான் நீர் நின்றது. ஆனால் வண்டி தள்ளிய அலை பம்பருக்கு மேலே எழுந்தது. 'டக்' என்ற ஓசையோடு என்ஜின் நின்றது. சாவியைத் திருப்பினேன், ஒரு முனகலோடு அடங்கிற்று. மீண்டும் திருப்பினேன். அப்படிச் செய்யக்கூடாது என்பதை அப்போது நான் அறியேன்.

காற்றை அழுத்தலாம்; நீரை அழுத்த இயலாது. அத்தகைய டீசல் என்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே எஞ்சியிருக்கும் இடம் ஏறத்தாழ 30 மில்லிதான். மருந்து ஊற்றும் பெரிய கரண்டியில் இரண்டு கரண்டி நீர்! அதற்கு மேல் புகுந்தால், ஓடும் வேகத்தில் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். என் மேசைமேல் கிடப்பது அந்தத் தண்டே.

இரண்டு மணி நேரம் நீரின் நடுவே அமர்ந்திருந்தோம். பெரியவருக்கு மூச்சு இரைத்தது. அவர் துணைவியார் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. வாழைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த டிராக்டர் ஒன்று எங்களைக் கண்டு திரும்பி வந்தது. அதில் படுக்க வைத்துத்தான் அவரை மருத்துவமனை சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார்.

600 ரூபாய்க் குழாய் 60,000 ரூபாய்ச் செலவைக் கொண்டுவந்து சேர்த்தது. பங்குப் பேரவையில் எழுந்து நின்று, அண்ணாச்சி எச்சரித்ததையும் நான் சிரித்ததையும் மறைக்காமல் சொன்னேன். தம்பியின்மீது பழி விழவிடவில்லை. அவன் மாணவன், சரியென்று தலையசைத்தவன் நான். செலவில் ஒரு பகுதியை என் படியிலிருந்து தவணையாகக் கட்டினேன்.

இப்போது ஜீப்பில் வேறு குழாய் இருக்கிறது. அதையும் அதே தம்பிதான் செய்தான்; ஆனால் இம்முறை அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். முன் கண்ணாடியின் ஓரமாக ஏறி, கூரை உயரத்தில் அதன் வாய் திறக்கிறது. மழைத்துளி விழாதபடி மேலே மூடி. தப்பிப் புகும் நீர் வடியத் தாழ்ந்த இடத்தில் சிறு துளை. பம்பரடியில் கிடைத்த அதே குளிர்ந்த காற்று கூரையருகிலும் கிடைக்கிறது. தேரி மணலோ அங்கே குறைவு. ஆயினும், குழாய் உயர்ந்துவிட்டது என்பதற்காக வெள்ளத்தில் இறங்குவதில்லை. ஜீப் படகாகிவிடாது.

வாசகர்கள் எவரேனும் இம்முயற்சியில் இறங்குவதாயின், முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே வெளிக்காற்றுக்கு வழி வைத்திருப்பார்கள். அவற்றில் கை வைக்கத் தேவையில்லை. நீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள்; மெக்கானிக்கை அழையுங்கள். நாற்பதாண்டு கிரீஸ் படிந்த கைகள் ஒன்று சொன்னால், சிரிக்காமல் காரணம் கேளுங்கள்.

அந்தப் பெரியவரை இன்றும் சில நாட்களில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். வானம் சற்றுக் கறுத்தால் போதும், ஜீப்பின் கதவைப் பிடித்தபடி கேட்பார்: "சாமி, டிராக்டர்லயே போயிருவமா?"