மாமாவின் இருமல்

என் மாமனார் சுந்தரபாண்டியத்தில் முப்பது வருஷம் தறி நெய்தவர். போன ஐப்பசியில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விளங்காமல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கை கால் பிடித்துவிடுவதிலேயே எங்கள் கவனமெல்லாம். மனுஷன் அலுத்துக் கிடக்கிறாரே என்று, படுத்தபடியே கஞ்சி புகட்டினேன். பதினைந்தாம் நாள் நெஞ்சில் கரகரவென்று சளி. இருமவும் தெம்பில்லை. டாக்டர் மருந்து கொடுத்துத் தேற்றினார்.

அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண்தான் என் தப்பைச் சொன்னாள். "அக்கா, மூச்சு விடுற தசையும் தளர்ந்து போகும். சளி வெளியேறாம, சாப்பாடும் புரையேறினா நிமோனியாதான். நிமிர்ந்து உட்கார வச்சுக் கொடுங்க. சாப்பிட்டு அரைமணி கழிச்சுப் படுக்கட்டும்."

வயிற்றில் கை வைத்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விடச் சொன்னாள். பிறகு மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவி. மாமா பலமாக ஊதினார்!

"ஊதாதீங்க மாமா, இளநீர் உறிஞ்சுற மாதிரி இழுங்க!"

கோணிய உதட்டோரம் காற்று கசிந்தது. விரலால் பிடித்துக்கொண்டேன். முதல் பந்து எழும்ப ஒன்பது நாளாயிற்று. தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுவோம். (ஆளுக்கு ஆள் அளவு மாறுமாம், கேட்காமல் செய்யாதீர்கள்.)

மூன்றாவது பந்து இன்னும் அசையவில்லை. ஆனால் போன வாரம் நடுராத்திரி மாமா இருமிய இருமலில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.