நிறம் பாராத கொள்கையும் வர்க்க அளவுகோலும்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களின் இன அடிப்படையிலான மாணவர் சேர்க்கை முறையைச் செல்லாதென அறிவித்த பின்னர், நிறம் பாராத கொள்கை, அதாவது இனத்தைக் கணக்கிலெடுக்காமல் பொருளாதார நிலையைக் கொண்டே அரசு உதவும் முறை, அங்கே மீண்டும் விவாதப் பொருளாகியுள்ளது. இதனை இன நீதிக்கு எதிரானவர்களின் கருத்தாக மட்டும் கருதுவது வரலாற்றை மறப்பதாகும். ஏனெனில் மார்ட்டின் லூதர் கிங் 1964இல் வெளியிட்ட நூலிலேயே, கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு ஈடு கோரிய அதே இடத்தில், பின்தங்கியோருக்கான உரிமைச் சாசனம் ஒன்றை முன்மொழிந்து, ஏழை வெள்ளையரையும் அதற்குள் சேர்த்தார்.

எனினும் வர்க்கத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் இக்கொள்கையின் உயிர் இருக்கிறது. ஆண்டு வருமானம் மட்டும் போதாது. 2022ஆம் ஆண்டின் மத்திய வங்கிக் கணக்கெடுப்பில், வெள்ளையர் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து, அதாவது வரிசையின் நடுவிலுள்ள குடும்பத்தின் நிகரச் சொத்து, கறுப்பினக் குடும்பங்களுடையதைப் போல ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்கு வீட்டுக்கடன் தலைமுறைகளாக மறுக்கப்பட்டதும் இதற்கொரு காரணம். ஆகவே சொத்து, பெற்றோரின் கல்வி, வசிப்பிடத்தின் வறுமை ஆகியவற்றைச் சேர்த்து அளக்கும் கொள்கை, இனத்தின் பெயரைச் சொல்லாமலே அதன் பழைய காயத்தை எட்டுகிறது. அப்பலாச்சிய நிலக்கரிப் பகுதியின் வறிய வெள்ளைக் குழந்தையையும் அது கைவிடுவதில்லை. வேலைவாய்ப்பில் நிகழும் நேரடிப் பாகுபாட்டுக்கு மட்டும் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டமே மருந்து. அதன் இடத்தை வர்க்க அளவுகோல் நிரப்ப இயலாது.