மேட்ச் ராத்திரி மெனு: பிரியாணி அண்டாவை இறக்கி வச்சுட்டு இட்லிச் சட்டியைத் தூக்குங்க

1/
ஃபைனல் அன்னைக்கு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கீங்களா? என்ன சமைக்கலாம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்த இழையைப் படிச்சிருங்க. தேனி மாவட்டத்துல அரசு மருத்துவமனை ஒண்ணுல டியூட்டி பாக்குற டாக்டர் எழுதுறேன். சமையல் குறிப்பு மாதிரி இருக்கும், ஆனா விஷயம் மருத்துவம்தான்.

2/
2023 மே 29 ஞாபகம் இருக்கா? அகமதாபாத்துல சென்னைக்கும் குஜராத்துக்கும் ஃபைனல். முந்தின நாள் மழையால தள்ளிப்போன மேட்ச். 7.30க்கு ஆரம்பிச்சு குஜராத் 214 அடிச்சது. சென்னை மூணு பந்து ஆடினதும் மறுபடியும் மழை. 15 ஓவர்ல 171னு இலக்கை மாத்தித் திரும்ப ஆரம்பிச்சப்ப நள்ளிரவு தாண்டிருச்சு. கடைசி ரெண்டு பந்துல ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடிச்சு முடிச்சப்ப மணி ஒன்றரை இருக்கும். சாயங்காலம் 6 மணிக்கு இறக்கின பிரியாணியை அப்ப சாப்பிட்டா, அது ஏழரை மணி நேரம் வெளிய கிடந்த சோறு.

3/
அதுல என்ன ஆபத்து? அரிசியில 'பேசில்லஸ் சீரியஸ்'னு ஒரு கிருமியோட வித்துகள் இருக்கும். கொதிக்க வச்சாலும் சாகாது. சோறு ஆறி வெதுவெதுப்பா கிடக்கும்போது முளைச்சுப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட 1 மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள்ள வாந்தி ஆரம்பிக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல இருக்குற சூடு கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அதனால சமைச்ச சாப்பாடு வெளிய 2 மணி நேரம் இருக்கலாம். மே மாசச் சூட்டுல 1 மணி நேரம்தான். மூடி வச்சா மட்டும் போதாது.

4/
மயோனைஸ் வாங்கி வைக்கலாம்னு பசங்க சொல்வாங்க. பச்சை முட்டையில செய்யிற மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8லிருந்து ஒரு வருஷம் தடை போட்டதுக்குக் காரணமும் கிருமிப் பிரச்சினைதான். நம்ம வீட்டுக்கு அது வேணவே வேணாம்.

5/
இதைவிட முக்கியமான விஷயம், சுகர் இருக்கிறவங்க.
மேட்ச் ராத்திரி ஒண்ணுல அறுபது வயசு ஐயா ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. வேர்த்துக் கொட்டுது, பேச்சு குழறுது. பக்கவாதம்னு நினைச்சு வீடே அழுதுட்டு இருந்துச்சு. விரல்ல குத்திப் பாத்தா சுகர் 38. விசாரிச்சா, வழக்கம்போல 8 மணிக்கு இன்சுலின் போட்டுட்டார். சாப்பாடு மட்டும் மேட்ச் முடிஞ்சு எல்லாரோடயும் சாப்பிடலாம்னு உக்காந்துட்டார். குளுக்கோஸ் ஏத்தினோம். கொஞ்ச நேரத்துல கண்ணத் தொறந்து, "யாருப்பா ஜெயிச்சா?"ன்னு கேட்டார்.
அவரைக் கூட்டிட்டு வந்தாங்க, பிழைச்சார். தூங்குறார்னு நினைச்சு அப்படியே விட்டிருந்தா?

6/
அதனால மெனுவோட முதல் வரி இதுதான்: இன்சுலின் போடுறவங்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடுறவங்களும் வழக்கமான நேரத்துக்கே சாப்பிடணும். ஸ்கோர் என்னவா இருந்தாலும் சரி. சுண்டல் கொறிச்சோமேன்னு அதைச் சாப்பாட்டுக் கணக்குல சேர்க்காதீங்க. வெறும் வயித்துல சரக்கு சேர்ந்தா சுகர் இன்னும் கீழ போகும்.
கை நடுக்கம், வேர்வை, குழப்பம் வந்தா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடுங்க. நினைவு இல்லைன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108க்குக் கூப்பிடுங்க.

7/
சரி, 12 பேருக்கு எளிய மெனு. மேட்ச் 7.30க்குன்னு வச்சுக்கோங்க.
• 7 மணி: சுண்டல். முக்கால் கிலோ கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊறப்போடுங்க. தேங்காய் வேணாம், சீக்கிரம் ஊசிப்போகும். மாங்காயைப் பொடியா நறுக்கித் தூவுனா போதும்.
• 8 மணி: அம்மாச்சி, அப்பத்தா, சுகர்காரங்களுக்கு இட்லி.
• 9.15 சுமாருக்கு இன்னிங்ஸ் பிரேக்: மத்தவங்களுக்கு இட்லி, கோழிக் குழம்பு. ஆளுக்கு நாலுன்னா 48 இட்லி. பாதியைப் பொடி தடவி நல்லெண்ணெய் விட்டு வச்சிரலாம். குழம்பு சிம்ல ஆவி பறக்க அடுப்பிலயே இருக்கட்டும். கறி சாப்பிடாதவங்களுக்குத் தக்காளித் தொக்கு.
• 10 மணி: மீந்த குழம்பைச் சின்னச் சின்னப் பாத்திரத்துல பிரிச்சு ஃப்ரிட்ஜுக்கு. அண்டாவோட வச்சா நடுவுல ஆறவே ஆறாது.

8/
குடிக்க மோர். பிபி இருக்கிறவங்களுக்கு உப்பைக் குறைச்சுக்கோங்க. 2 லிட்டர் கோலா பாட்டில்ல ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரை இருக்கு. அந்தக் காசுக்குக் கம்பம் பன்னீர் திராட்சை வாங்குங்க. 2023ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊருப் பழம். நல்லா அலசிட்டு வைங்க. சுகர் இருந்தா பத்துப் பதினஞ்சு பழத்தோட நிறுத்திக்கணும்.

9/
இந்த மெனுவுல இன்னொரு லாபம் இருக்கு. 10 மணிக்கு மேல அடுப்படியில யாருக்கும் வேலை கிடையாது. பிரியாணி, பொரிச்ச கறின்னு போட்டா கடைசி ஓவர்லயும் அம்மாவும் மதினியும் எண்ணெய்ச் சட்டி முன்னாடிதான் நிப்பாங்க, சத்தத்தை வச்சே ஸ்கோரைத் தெரிஞ்சுக்குவாங்க. மாப்பிள்ளைங்களா, தட்டு எடுக்குறது, பாத்திரம் தேய்க்கிறது உங்க பக்கம்.

10/
மறுநாள் யாருக்காவது வாந்தி பேதின்னா முதல்ல ஓஆர்எஸ். ஒரு பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணியில முழுசாக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. மலத்துல ரத்தம், ஒண்ணுக்குப் போகாம இருக்குறது, குழந்தை சோர்ந்து கிடக்குறதுன்னா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க. உங்க வீட்டு வாட்ஸப் குரூப்ல இதைப் போட்டு விடுங்க. முக்கியமா இன்சுலின் போடுற அந்த மாமா பாத்துட்டாரான்னு போன் பண்ணிக் கேட்டுக்கோங்க.