பெட்டி வரும்வரை

நெடுந்தீவு, 25 நவம்பர் 2024, திங்கள்

உயர்தரப் பரீட்சை இன்று தொடங்கியது. பிள்ளைகள் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். விரித்தால் காற்று பறித்துவிடும். எழுதுகிற கையை மட்டும் நனையவிடாமல் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்த ஒரு பெடியனைப் பார்க்க மனம் இளகிப்போயிற்று. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொல்கிறது. காலை லோஞ்ச் குறிகட்டுவான் துறைக்குப் போய்வந்துவிட்டது, பின்னேரப் பயணம் இல்லை. சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கும் மெழுகுதிரிக்கும் சனம் நிற்கிறது. பாண் முடிந்துபோயிற்று.

கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. சித்திரை வைகாசியில் உவர்த்தண்ணீர் குடித்துக் கிடக்கிற எங்களுக்கு இந்த மாரியும் வேண்டும்.

26 நவம்பர், செவ்வாய்

பக்கத்து வீட்டு மாமா விடியப்புறம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் காலமானார். மகன்மார் இரண்டு பேரும் அங்கே அவரோடு. மாமி இங்கே தனியே.

பந்தல் போட வந்த பெடியள் காற்றைப் பார்த்துவிட்டுப் படங்கை மடித்து வைத்தார்கள். பெட்டி வைப்பதற்கு விறாந்தையில் இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத்துணி விரித்தோம். இன்று லோஞ்ச் இல்லை. நாளைக்கும் இராது என்று விதானையார் வந்து சொல்லிவிட்டுப் போனார். வெறும் வாங்கைப் பார்க்க ஒருமாதிரியாக இருந்ததால் மாமாவின் படத்தையாவது அதில் வைப்போம் என்று எடுத்தேன். மாமி விடவில்லை.

"வேண்டாம் பிள்ளை. ஆள் வரட்டும்."

27 நவம்பர், புதன்

பரீட்சையை மூன்று நாளைக்கு நிறுத்திவிட்டார்கள். தாழமுக்கம் கிழக்குக் கரையோரம் மெல்ல மெல்ல ஊர்கிறதாம். இரவு முழுக்க வாடை. எங்கள் கல்வேலிகள் சாந்து பூசாதவை. முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள். இடுக்குகளுக்குள்ளால் காற்று புகுந்து வருகிறபோது ஒவ்வொரு இடுக்கும் ஒவ்வொரு குரலில் ஊதும். விடிய எழும்பிப் பார்த்தால் ஒழுங்கையில் மட்டக்குதிரைகள் ஏழெட்டு, வேலியோடு ஒட்டி, காற்றுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றன.

1964ஆம் ஆண்டுப் புயலை அம்மா இந்த வேலிகளை வைத்துத்தான் சொல்லுவா. அப்போது அவவுக்கு ஒன்பது வயது. டிசம்பர் 22 இரவு, ஓலைக்கூரை போனபிறகு அம்மப்பா எல்லாரையும் வேலியடியில் குப்புறப் படுக்க வைத்தாராம். சுவராக இருந்திருந்தால் விழுந்து எங்களை மூடியிருக்கும், காற்றுக்கு வழிவிட்டபடியால் வேலி நின்றது என்பா. அதே இரவில்தான் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. தலைமன்னாரும் அடிபட்டது. எங்கள் தென்மேற்குக் கரையிலிருந்து இராமேசுவரம் ஐம்பது கிலோமீற்றருக்குள்.

மகன்மார் இன்றைக்கு ஐந்து தரம் தொலைபேசி எடுத்துவிட்டார்கள். பெட்டியை மலர்ச்சாலையில் வைத்திருக்கிறார்களாம். யாழ்ப்பாணத்தில் இருக்கிற சொந்தக்காரருக்கு விளங்குதில்லை. பத்துக் கிலோமீற்றர்தானே, ஒரு மணித்தியாலப் பயணம்தானே, கொஞ்சம் பெரிய படகாகப் பிடித்தால் வரலாம்தானே என்கிறார்கள். தூரம் இங்கே கணக்கில்லை. பாக்கு நீரிணையின் அடி கிட்ட இருக்கிறது. பன்னிரண்டு மீற்றர் ஆழம்கூடப் பல இடங்களில் கிடையாது. ஆழக்கடலில் திரை நீளமாக எழும்பி நீளமாகத் தாழும், படகும் அதோடு ஏறி இறங்கிப் போகலாம். இங்கே அடி தட்டுகிற திரை குட்டையாகிச் செங்குத்தாகிறது. ஒன்றின் முதுகில் மற்றது ஏறுகிறது. அணியம் ஒன்றிலிருந்து நிமிர முன்னம் அடுத்தது மேலே விழும்.

இன்னொன்றும் உண்டு. குறிகட்டுவானிலிருந்து எங்கள் மாவிலித்துறைக்கு வருகிறபோது வாடை முதுகுப்பக்கம். சுகம் என்றுதான் நினைக்கத் தோன்றும். பின்திரைதான் பொல்லாதது. கடையாரைத் தூக்கி, படகைக் குறுக்கே திருப்பிவிடும். குறுக்கே நின்ற படகுக்கு ஒரு திரை போதும்.

28 நவம்பர், வியாழன்

இந்த நாளைச் சரியாக எழுதி வைக்கவேண்டும்.

காலையில் மகன்மார் பெட்டியோடு குறிகட்டுவானுக்கே வந்துவிட்டார்கள். பண்ணைப் பாலம், வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு, இரண்டு பக்கமும் கடல் ஏறி நிற்கிற தெரு. ஒரு படகுக்காரரிடம் வாடகை பேசினார்கள். இரண்டு மடங்கு தருகிறோம் என்றார்களாம், மூன்று மடங்கு என்றார்களாம். தண்டயல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "தம்பி, உங்கடை அப்பாவுக்கு இனி ஒண்டும் ஆகாது. உங்களுக்கு ஆகும்" என்று சொல்லி எஞ்சின் பெட்டியைப் பூட்டிவிட்டாராம்.

மூத்தவன் அழுதுகொண்டு மாமிக்கு எடுத்தான். நான்தான் தொலைபேசியை அவவின் காதோடு பிடித்துக்கொண்டிருந்தேன். தொடர்பு விட்டு விட்டு வந்தது. எப்படியும் கொண்டுவந்துவிடுவோம் அம்மா, வேறு ஒருத்தன் வாறன் என்கிறான் என்று அவன் கத்துவது எனக்கும் கேட்டது. மாமி கன நேரம் பேசாமல் இருந்தா. பிறகு சொன்னா:

"அப்பா பொறுப்பார். நீ கடலிலை இறங்காதை."

அதற்குமேல் ஒரு சொல்லில்லை. தொலைபேசியைத் தள்ளிவிட்டுச் செபமாலையை எடுத்தா.

அந்த வேறு ஒருத்தனைப் போன்றவர்களை எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் மார்கழியில், இப்படியான ஒரு படகில் நானும் ஏறினேன். ஏற்றவேண்டியதைவிட இரண்டு மடங்கு ஆட்கள். உயிர்காப்பு அங்கிகள் உரப்பையில் கட்டியபடி சாமான்களுக்குக் கீழே. கேட்டதற்கு, நனைந்தால் நாறும் ரீச்சர் என்றார்கள். நடுக்கடலில் ஒரு கைக்குழந்தைக்கு என் சேலையைச் சுற்றிக் கட்டினேன். எதற்கென்று தெரியாமலே கட்டினேன். அன்றைக்கு நாங்கள் கரையேறியது எங்கள் அதிர்ஷ்டம். பூட்டிய எஞ்சின் பெட்டிக்கு முன்னால் நின்ற அந்தத் தண்டயலை நினைத்து இன்றிரவு கையெடுத்துக் கும்பிடுகிறேன். வருமானத்தை விட்டு, ஏச்சையும் வாங்கி, போகமாட்டேன் என்று நிற்பதற்குப் பெரிய நெஞ்சு வேண்டும்.

ஆனால் அந்தப் பாரத்தை ஏன் ஒரு தனி மனிதன் சுமக்கவேண்டும்? வாடை ஒவ்வொரு வருடமும் வருகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை எந்தக் காற்றுக்கு எந்தப் படகு இறங்கலாம், எதற்கு இறங்கக்கூடாது என்பது இறங்குதுறையில் எழுதி வைக்கப்படவேண்டும். நோயாளியையும் பிரேதத்தையும் ஏற்ற, இந்தக் குட்டைத் திரைக்கென்றே கட்டிய ஒரு படகு வேண்டும். நோயாளிகளைக் கடற்படைப் படகு எத்தனையோ தரம் கரைசேர்த்திருக்கிறது, நன்றியோடு சொல்கிறேன். அதுவும் இறங்க ஏலாத கடல் உண்டு.

29 நவம்பர், வெள்ளி

புயலாகிவிட்டது. ஃபெங்கல் என்று பெயர், சவூதி அரேபியா கொடுத்தது. புழுக்கொடியலும் தேத்தண்ணியும். வாங்கில் விரித்த துணியை மாமி மாற்றினா, சாரல் பட்டிருந்ததாம்.

30 நவம்பர், சனி

வாடை வடக்காகி, வடக்கு இன்று கச்சானாகத் திரும்பியது. காற்று இப்படிச் சுற்றினால் புயல் எங்களைக் கடந்து வடக்கே போய்விட்டது என்று கணக்கு. அப்பா சொல்லித்தந்தது, வானொலிக்கு முன்னமே தெரிந்துவிடும். இரவு புதுச்சேரிப் பக்கம் கரை ஏறுகிறதாம். அந்தச் சனத்தையும் ஆண்டவர் காக்கட்டும்.

1 டிசம்பர், ஞாயிறு

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. பூசை முடிய எல்லாரும் மாவிலித்துறைக்குப் போனோம். கடல் சேற்று நிறத்தில் இன்னும் புரண்டுகொண்டிருந்தது, ஆனால் முறியவில்லை. பெட்டியை உரப்பையாலும் படங்காலும் சுற்றி, வடம் போட்டு, லோஞ்சின் நடுவில் கட்டியிருந்தார்கள். இறக்குகிறபோது திரை வந்து லோஞ்சைத் தூக்கியது. எட்டுப் பேர் கையில் பெட்டியோடு அப்படியே நின்றார்கள். இரண்டாவது திரை. மூன்றாவது. பிறகு ஒரு இளைப்பு. "இப்ப!" என்றார் தண்டயல். அதே தண்டயல்.

விறாந்தையில் ஐந்து நாளாகக் காத்திருந்த வாங்கில் ஒரு மணித்தியாலம்தான் பெட்டி இருந்தது. சேமக்காலையில் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிவிட்டது, வாளியால் இறைத்து இறைத்துத்தான் அடக்கம் செய்தோம்.

26 நவம்பர் 2025, புதன்

மாமாவின் ஆண்டு நினைவுப் பூசை. மகன்மார் வரவில்லை. போன ஞாயிறே மாமி அவர்களுக்குச் சொல்லிவிட்டா, வானொலியில் திரும்பவும் தாழமுக்கம், வரவேண்டாம் என்று. பூசைக்குப் பதினொரு பேர். நடந்து வருகிறபோது கடல் இரைகிற சத்தம் கோயிலடி வரைக்கும் கேட்டது.

30 நவம்பர் 2025, ஞாயிறு

இந்தப் புயலுக்கு டித்வா என்று பெயர். எங்கள் பக்கத்தாலும் போயிற்று. கூரைகள் சில, பனைகள் சில, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. வானொலியில் வருகிற ஊர்கள் எல்லாம் வேறு: பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை. மலை சரிந்து, நூற்றுக்கணக்கில் சனம் மண்ணுக்குள். லயன்கள் இருந்த இடமே தெரியவில்லை என்று ஒருவர் அழுதுகொண்டு சொன்னார்.

மாமி செபமாலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வானொலியைப் பார்த்தா.

"அங்கை கடலே இல்லையே, பிள்ளை?"