மாத்திரை அட்டையை நறுக்கும்போது

சிதம்பரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பக்கவிளைவுப் படிவத்தை ஒரு மருந்துக்கடைக்காரன் எழுதி என்ன ஆகப்போகிறது, நம்மிடம் வாங்குகிறவர்களின் விவரமெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

போன வாரம் கிள்ளையிலிருந்து ஒரு அம்மா வார்டுக்கு வந்தார். மாதக்கணக்கில் வறட்டு இருமல். மஞ்சள் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். இருமல் டானிக் பாட்டில்கள், நறுக்கிய மாத்திரை அட்டைகள். பிரஷர் மாத்திரை எது என்று கேட்டால், “இந்தச் சின்னதுதாம்மா” என்கிறார். அட்டையில் மிஞ்சியிருந்தது ‘பிரில்’ என்ற வால் மட்டும். பேட்ச் நம்பர் கத்தரிக்கோலோடு போய்விட்டது. கடைசியில் பழைய சீட்டைத் தேடி எடுத்து எனலாபிரில் என்று உறுதி செய்தோம். அது சிலருக்கு இருமலைக் கொண்டுவரும் என்பது எல்லாரும் அறிந்தது. டாக்டர் வேறு மருந்து எழுதினார். நான் படிவம் எழுதினேன்.

அந்தப் படிவம் மருத்துவக் கல்லூரிகளில் உள்ள கண்காணிப்பு மையங்கள் வழியாகக் காஜியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையத்துக்குப் போகிறது. இந்தக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கியது. 2023 நவம்பரில் மெஃபனமிக் அமிலம் பற்றி எச்சரிக்கை வந்ததே, காய்ச்சலும் தடிப்புமாகத் தொடங்கி ஈரல் வரை தாக்கக்கூடிய ‘டிரெஸ்’ என்ற ஒவ்வாமை, அதுவும் இப்படிச் சேர்ந்த படிவங்களிலிருந்து கண்டதுதான். மாதவிடாய் வலிக்கு அந்த மாத்திரையைச் சீட்டில்லாமலே கேட்டு வாங்குகிறார்கள் என்று உனக்கே தெரியும்.

ஆனால் படிவத்தால் ஆகாத வேலை ஒன்று உண்டு. இத்தனை பேருக்குத் தொந்தரவு வந்தது என்று அது சொல்லும். மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்லாது. அதற்கு ஆஸ்பத்திரிப் பதிவுகள் வேண்டும். 2004இல் வயாக்ஸ் என்ற வலி மருந்தை மாரடைப்பு அபாயத்தால் திரும்பப் பெற்ற பிறகு, அமெரிக்காவில் 2007இல் சட்டமே கொண்டுவந்து ‘சென்டினல்’ என்ற ஏற்பாட்டுக்கு வழி செய்தார்கள். அதில் பதிவுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். கேள்வி மட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் போகும், தொகுத்த கணக்கு மட்டும் திரும்பி வரும். உன் கடைப் பேரேட்டை யாரும் தூக்கிப் போகாமல், “இந்த மருந்து வாங்கியவர் எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டுப் போவதுபோல. உன் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

எந்த மருந்து கூடுதலாகக் காக்கிறது என்றும் இப்படிக் கேட்கலாம். 2019இல் லான்செட்டில் வந்த ஆய்வு நாலு நாடுகளின் ஒன்பது தரவுத்தளங்களில், புதிதாகப் பிரஷர் மருந்து தொடங்கிய 49 லட்சம் பேரைப் பார்த்தது. எனலாபிரில் வகையில் தொடங்கியவர்களைவிட, தயசைடு வகையில் தொடங்கியவர்களுக்கு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் சுமார் 15 சதவீதம் குறைவு. யாருக்கு எதைக் கொடுப்பது என்று டாக்டர்தான் முன்பே முடிவு செய்திருக்கிறார், சீட்டுக் குலுக்கிக் கொடுத்ததல்ல. அதனால் இதையே முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் எவ்வளவு பெரிய கேள்வி!

அந்த நாலு நாடுகளில் இந்தியா இல்லை. அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா, ஜெர்மனி. எனக்கு இதுதான் உறுத்துகிறது. இங்கேயும் தமிழ்நாட்டு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் வீடு வீடாகப் பிரஷர், சுகர் மாத்திரை போகிறது. அதே ஆண்டு வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்திலும் பதிவு அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது, நோயாளி சம்மதித்தால்தான் பகிரப்படுகிறது. அது சிகிச்சைக்காக ஏற்பட்டது. ஆய்வுக்கும் பயன்பட வேண்டுமானால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டும். இங்கே அதே பிரஷருக்கு ஒரு கேஸ் ஷீட்டில் ‘எச்டிஎன்’, அடுத்ததில் ‘பிபி’, மூன்றாவதில் மருந்தின் பெயர் மட்டும். இதைச் சீராக்காமல் எந்தக் கணினியும் நம் ஜனங்களைப் பற்றி உண்மை சொல்லாது. அதனால்தான் ஒரே மாதிரி எழுதச் சொல்லி என் மாணவர்களை விடாமல் விரட்டுகிறேன்.

உன்னிடம் கேட்பது இரண்டு. அட்டையை நறுக்கும்போது பெயரும் பேட்ச் நம்பரும் வாங்குகிறவர் கைக்குப் போகட்டும். முடியாவிட்டால் கவரில் எழுதிக் கொடு. இருமல் மருந்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறவரிடம், பிரஷருக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேள். தமிழ்ப் படிவம் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரும்போது எடுத்துக்கொள். அவசரமென்றால் 1800 180 3024க்குப் போன் செய்தே சொல்லலாம், கட்டணமில்லை.

அன்புடன்,
அக்கா