பற்றரி மாத்தின கதை

போன மாசம் என்ர போன் மத்தியானத்துக்கு முதலே செத்துப்போகத் தொடங்கியது. புதுசு வாங்குவம் எண்டு யாழ்ப்பாணம் ரவுணில நாலு கடை ஏறி இறங்கினேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதும், 2024 ஜனவரியிலிருந்து கைபேசிக்கும் 18 வீத வற் வரி வந்ததும் அதுவரை எனக்குச் செய்தி மட்டும்தான். அண்டைக்குத்தான் விலையாகத் தெரிந்தது.

தவணை முறையில் தரலாம் எண்டார் ஒரு கடைக்காரர். வட்டியைக் கூட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். இன்னொரு இடத்தில் பாவிச்ச போன் ஒண்டு மலிவாக இருந்தது. பெட்டியும் இல்லை, பில்லும் இல்லை. *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா எண்டு பார்க்கலாம். பதிந்ததில்லை. அதையும் விட்டேன்.

வீட்டை வந்தால் அம்மா கேட்டா, "இருக்கிற போனுக்கு என்ன பிழை?"

"சார்ஜ் நிக்குதில்லை அம்மா."

"ரியூப் போனா சைக்கிளையே மாத்திறனி?"

அடுத்த நாள் பற்றரியை மட்டும் மாத்தினேன். லித்தியம் பற்றரி சில நூறு தரம் சார்ஜ் ஏறி இறங்கினால் தளரத்தான் செய்யும். போனில் வேறு பழுது இருக்கவில்லை. இப்ப இரவு வரை நிக்குது. மிச்சக் காசு தங்கச்சியின்ர ரியூசனுக்குப் போகுது.

உண்மையைச் சொன்னால், சார்ஜ் ஒரு சாட்டுத்தான். கீறல் விழுந்த போனைக் கூட்டாளிமாருக்கு முன்னால் மேசையில் வைக்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு. கடன் இல்லை.