ஒரே மேசையைச் சுற்றி

பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் இல்லங்களுக்குச் செல்லும்போது, தாய்மார் எடுத்துக்காட்டும் கோப்புகளைக் கண்டிருக்கிறேன். குழந்தை நல மருத்துவர் எழுதியது ஒன்று. இயன்முறை மருத்துவர் எழுதியது மற்றொன்று. பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் எழுதியவை வேறு. ஒவ்வொருவரும் வீட்டில் செய்யுமாறு சில பயிற்சிகளைத் தருகின்றனர். தனித்தனியே பார்த்தால் யாவும் நல்லவையே. அனைத்தையும் கூட்டினாலோ, மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கத் தாய்க்கு நேரம் எஞ்சுவதில்லை. ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் எடுத்துச் செல்லும் தூதரும் அவரே. ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "சாமி, இவங்க எல்லாரும் ஒரு நாள் ஒண்ணா உட்கார்ந்து பேசினா எனக்குப் பாதி பாரம் குறையும்."

அவர் கேட்டது நியாயமானது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஏட்டில் வகைகள் பலவாயினும், குழந்தையின் உடல் ஒன்றே. தலையும் முதுகும் சரியாகத் தாங்கப்படாவிட்டால் உணவை விழுங்குவது கடினம். அது மூச்சுக்குழலினுள் சென்றுவிடும் ஆபத்தும் உண்டு. இடுப்பு நிலைபெற்றுப் பாதங்கள் ஊன்றினால்தான் கை எழுதுகோலை ஆளும். ஆகவே இயன்முறை மருத்துவர் அமைத்துத் தரும் நாற்காலியே உணவுக்கும் பேச்சுக்கும் எழுத்துக்கும் அடித்தளம். அது வகுப்பறைக்கு வந்து சேராவிட்டால் ஆசிரியையின் உழைப்பு பெரிதும் வீணாகும்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், விபத்தினால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் குழந்தையின் வீட்டுக்கே செல்கிறார். பல துறை வல்லுநர்கள் அவருக்குத் துணை நின்று வழிநடத்துகின்றனர். குடும்பம் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

எனினும், கூடி அமரும் வல்லுநர்கள் முதலில் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "உனக்கு என்ன வேண்டும்?" நானறிந்த சிறுவன் ஒருவனிடம் அப்படிக் கேட்டபோது அவன் சொன்னான்: "அக்கா கல்யாணப் பந்தியில நானே என் கையால சாப்பிடணும்." அந்த ஒரு விடையில் நாற்காலிக்கும் வேலை இருந்தது, கைப்பயிற்சிக்கும், விழுங்கும் பயிற்சிக்கும், பள்ளியின் மதிய உணவு வேளைக்கும் வேலை இருந்தது. நான்கு கோப்புகள் அன்று ஒரே கோப்பாயின.

அன்பர்களே, உங்கள் தெருவிலும் இத்தகைய தாய் ஒருவர் இருக்கலாம். அடுத்த முறை அவர் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ புறப்படும்போது உடன் செல்லுங்கள். அனைவரும் ஒரு மணி நேரம் சேர்ந்து அமருமாறு அவருக்காக நீங்களும் கேளுங்கள்.